1906 ஜூன் கடைசியில் இரண்டு நாளில் மூன்று சட்டங்கள்: கம்பெனிகள் கேட்டு வாங்கியவையா, தலையில் கட்டப்பட்டவையா?

#1 பெஞ்சு_பொருளியல்

அமெரிக்க முற்போக்குக் காலத்தை, அதாவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீர்திருத்த அலையைப் பற்றி இங்கே எந்த இழை தொடங்கினாலும் பத்தாவது பதிவுக்குள் இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது. மக்கள் கொதித்தார்கள், அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் சாட்டையை எடுத்தார், முதலாளிகள் அடங்கினார்கள் என்று ஒரு கட்சி. பெரிய கம்பெனிகள் சின்னக் கம்பெனிகளை ஒழிக்கத் தாங்களே எழுதி வாங்கிய சட்டங்கள் அவை என்று இன்னொரு கட்சி. பொத்தாம்பொதுவாகப் பேசினால் இது விடிய விடிய ஓடும்.

அதனால் எல்லையைச் சுருக்கிக்கொள்வோம். 1906 ஜூன் 29 அன்று ரயில் கட்டணத்துக்கான ஹெப்பர்ன் சட்டம். மறுநாள் ஜூன் 30 அன்று இறைச்சிப் பரிசோதனைச் சட்டம், தூய உணவு மருந்துச் சட்டம் இரண்டும். எந்தப் பிரிவை யார் எதிர்த்தார்கள், கடைசியில் எது நின்றது, நடைமுறையில் எது வேலை செய்தது என்று பிரிவு பிரிவாகச் சொல்லுங்கள். "மக்கள் எழுச்சி", "முதலாளித்துவச் சதி" என்ற சொற்களை முடிந்தவரை ஒதுக்கி வையுங்கள்.

#2 நூலகத்து_எலி

இறைச்சியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பரிசோதனையே 1906-இல்தான் வந்தது என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம். 1880 வாக்கில் இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் அமெரிக்கப் பன்றி இறைச்சியில் டிரிக்கினா புழு இருக்கிறது என்று சொல்லி அடுத்தடுத்துத் தடை போட்டன. தங்கள் ஊர்ப் பன்றி வளர்ப்போரைக் காப்பாற்றும் கணக்கும் அதில் இருந்தது என்பது வேறு. அதற்குப் பதிலாக வந்தவைதான் 1890, 1891 சட்டங்கள். ஏற்றுமதிப் பன்றி இறைச்சியில் துணுக்கு வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து முத்திரை குத்தினார்கள். 1891-லேயே ஜெர்மனி தடையை நீக்கியது. ஆக, ஆர்மர், ஸ்விஃப்ட் போன்ற சிகாகோ கம்பெனிகளுக்கு அரசு இன்ஸ்பெக்டர் புது ஆள் இல்லை. பதினைந்து வருடமாக வெட்டுத்தளத்தில் நின்றுகொண்டிருந்தவர். அவருடைய அதிகாரம் அந்தத் தளத்தோடு முடிந்துவிடும் என்பதுதான் கோளாறு. உடல் தேறியதா இல்லையா என்று சொல்லலாம். அதற்குப் பிறகு சாசேஜ் அறையிலும் டின் அடைக்கும் அறையிலும் என்ன கலக்கிறார்கள் என்று கேட்க முடியாது.

1906 பிப்ரவரியில் அப்டன் சிங்க்ளேரின் 'தி ஜங்கிள்' வந்தது. அவர் சோஷலிஸ்ட் என்பதால் ரூஸ்வெல்ட்டுக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை. தொழிலாளர் துறை ஆணையர் சார்லஸ் நீல், சமூக சேவகர் ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் இருவரையும் தானே சிகாகோ அனுப்பினார். அவர்கள் அறிக்கையில் ஒரு காட்சி: வெட்டிக் கழுவிக் குளிரறைக்குப் போகும் பன்றி, கம்பியிலிருந்து நழுவி அழுக்குப் பலகைத் தரையில் விழுந்து, சறுக்கிப்போய்ப் பாதி உடல் ஆண்கள் கழிப்பறைக்குள் கிடக்கிறது. இரண்டு பேர் தூக்கி வண்டியில் போட்டுக் குளிரறைக்குக் கொண்டுபோய் மற்றவற்றோடு மாட்டிவிடுகிறார்கள். கழுவவில்லை. கைகழுவத் தண்ணீர் இல்லாததையும், பலகைத் தரையிலிருந்து மண்வெட்டியால் இறைச்சியை அள்ளுவதையும் எழுதியிருந்தார்கள். நாவல் சொன்னதை நம்பாதவர்களும் இதைத் தள்ள முடியவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். செனட்டர் ஆல்பர்ட் பெவரிட்ஜ் அதை வேளாண் நிதி ஒதுக்கீட்டு மசோதாவின் வாலில் கட்டினார். மே 25 அன்று செனட்டில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் வேளாண் குழுத் தலைவர் ஜேம்ஸ் வாட்ஸ்வொர்த் மறித்தார். ரூஸ்வெல்ட் அதுவரை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பயம் காட்டிக்கொண்டிருந்தார். மறிப்பு நீண்டதும் ஜூன் 4 அன்று அவைக்கு அனுப்பிவிட்டார். சண்டை மூன்று இடத்தில் நடந்தது.

செலவு யாருடையது? தலைக்கு இவ்வளவு என்று கம்பெனி கட்டவேண்டும் என்றது பெவரிட்ஜ் வரைவு. கம்பெனிகள் மறுத்தன, வென்றன: கருவூலத்திலிருந்து ஆண்டுக்கு 30 லட்சம் டாலர். டின்னில் பரிசோதித்த தேதி போடவேண்டுமா? கம்பெனிகள் மறுத்தன, வென்றன. இன்ஸ்பெக்டர் முடிவை நீதிமன்றம் அடியிலிருந்து மறுபடி விசாரிக்கலாமா? இது கம்பெனிகள் கேட்டது. ரூஸ்வெல்ட் விடவில்லை, நீக்கப்பட்டது.

மூன்றில் இரண்டு கம்பெனி பக்கம். ஆனால் எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டினால் தப்பு. மூன்றாவதுதான் கனமானது. ஏனென்று வழக்குக்கட்டு வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

#3 செம்பருத்தி

முத்திரை வேணும், காசு மட்டும் ஊரார் காசு. அவ்வளவுதானே எலி அண்ணா?

#4 நூலகத்து_எலி

கிட்டத்தட்ட. முத்திரை அவர்களுக்கு ஐரோப்பாவில் கதவு திறக்கும் சாவி. புத்தகமும் அறிக்கையும் வந்தபின் ஏற்றுமதி விழுந்தது, அதைத் தூக்கி நிறுத்த அரசு முத்திரை தேவைப்பட்டது.

ஆனால் 30 லட்சம் என்பதைக் கவனியுங்கள். நிரந்தர ஒதுக்கீடுதான், ஆண்டுக்கு ஆண்டு கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தொகை சட்டத்திலேயே எழுதப்பட்ட தொகை. தலைக்குக் கட்டணம் என்றால் வெட்டும் மாடு கூடக்கூட இன்ஸ்பெக்டருக்கான பணமும் கூடும். எழுதி வைத்த தொகை அப்படி வளராது. உயர்த்த வேண்டுமானால் மறுபடி காங்கிரஸிடம்தான் போகவேண்டும். பெவரிட்ஜ் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேதி விஷயம் இன்னும் சுவாரசியம். இன்றைக்கும் குழந்தைப் பால்பவுடரைத் தவிர மற்ற உணவுக்குத் தேதி போடச்சொல்லி அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. டின் இறைச்சியில் தொகுதியைக் கண்டுபிடிக்க ஆலைக் குறியீடு வேண்டும்; அதை வாங்குபவர் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. டப்பாக்களில் பார்க்கும் "இதற்குள் பயன்படுத்தவும்" வகை வாசகங்கள் பெரும்பாலும் கம்பெனிகள் தாமே போடுபவை, சில மாநிலங்களின் விதிகளால் வந்தவையும் உண்டு.

#5 வழக்குக்கட்டு

எலி கூப்பிட்டதால் வருகிறேன். ஜூன் 30-இல் ஒரே பேனாவில் கையெழுத்தான இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஆலைக்குள் நிற்கிறது, மற்றது கடைத்தெருவில் ஓடிப் பிடிக்கிறது.

இறைச்சி நடைமுறை இப்படி. உயிரோடு வரும்போதே மாட்டைப் பார்த்து நோய்க்குறி உள்ளதைப் பிரித்துத் தனியாக வெட்டவேண்டும். வெட்டியபின் தலை, நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுக்களைக் கீறிப் பார்க்கவேண்டும். காசநோய் பெரும்பாலும் அந்தக் கணுக்களில்தான் முதலில் தெரியும். தேறினால் "பரிசோதித்துத் தேர்ச்சி" முத்திரை. தேறாவிட்டால் "கழிக்கப்பட்டது" என்று குறியிட்டு, உணவுக்குப் பயன்படாதபடி இன்ஸ்பெக்டர் முன்னிலையிலேயே அழிக்கவேண்டும்; பெரும்பாலும் உருக்கும் தொட்டிக்குத்தான் போகும். புதுச் சட்டத்தில் சாசேஜ் அறை, டின் அறை, தரை, வடிகால், கழிப்பறை எல்லாம் சேர்ந்தன. இரவோ பகலோ எப்போது ஆலை ஓடினாலும் உள்ளே போகலாம்.

பல் எங்கே இருக்கிறது என்றால், கம்பெனி மறுத்தால் வேளாண் அமைச்சர் வழக்குப் போடத் தேவையில்லை. இன்ஸ்பெக்டர்களைத் திரும்ப அழைத்தால் போதும். இன்ஸ்பெக்டர் இல்லை, முத்திரை இல்லை. முத்திரை இல்லாத இறைச்சியை மாநில எல்லை தாண்டி ஏற்றுவது ரயில்வேக்கே குற்றம். மறுநாள் காலை குளிர்வண்டி நகராது. நீதிமன்றத்துக்கு ஓடவேண்டியது கம்பெனிதான். அந்த நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரிக்கலாம் என்று வாட்ஸ்வொர்த் கேட்ட பிரிவு நின்றிருந்தால், இன்ஸ்பெக்டரைத் திரும்ப அழைத்த மறுநாளே தடையுத்தரவு வாங்கிக்கொண்டு வண்டியை ஓட்டியிருப்பார்கள்.

உணவு மருந்துச் சட்டத்தில் எல்லாம் தலைகீழ். சரக்கு சந்தைக்கு வந்தபிறகு மாதிரி வாங்கவேண்டும். வேதியியல் பணியகம் சோதிக்கவேண்டும். சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்கவேண்டும். பிறகு அமைச்சர் மாவட்ட அரசு வழக்கறிஞருக்கு எழுதவேண்டும். அவருக்கு நேரமிருந்தால் வழக்கு. மாநில எல்லை தாண்டிய சரக்குக்கு முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 200 டாலர் அபராதம். இல்லாவிட்டால் சரக்கையே பிரதிவாதியாக்கிப் பறிமுதல் கேட்கலாம். 1909-இல் கோகோ கோலா சாறைப் பிடித்த வழக்கின் பெயர் "அமெரிக்கா எதிர் நாற்பது பீப்பாய், இருபது சிறு பீப்பாய் கோகோ கோலா" என்று இருப்பது அதனால்தான். கஃபீன் கேடுதரும் சேர்ப்புப் பொருளா என்ற அந்த வழக்கு 1916-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பி, சமரசத்தில் முடிந்தது.

முதல் வழக்குகளில் ஒன்று தலைவலி மருந்து. வாஷிங்டனில் ராபர்ட் ஹார்ப்பர் என்பவர் விற்ற "மூளை உணவு". உள்ளே அசெட்டனிலைடு என்ற வலிநிவாரணியும் ஆல்கஹாலும். 1908-இல் அபராதம் 700 டாலர். அந்த மருந்தில் அவர் சம்பாதித்தது லட்சக் கணக்கில்.

#6 செம்பருத்தி

வழக்கு சார், 1911 தீர்ப்பை விட்டுட்டீங்களே. அதுதான் இந்தச் சட்டத்தின் முதுகெலும்பை முறிச்சது.

#7 வழக்குக்கட்டு

வருகிறேன் அம்மா. புற்றுநோயைக் குணமாக்கும் என்று லேபிள் ஒட்டி விற்ற ஜான்சன் என்பவர் மீதான வழக்கு. "பொய்யான, தவறாக வழிநடத்தும் வாசகம்" என்று சட்டம் சொன்னது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும்தான், நோய் தீருமா என்ற கூற்றைப் பற்றி இல்லை என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். அதாவது மார்ஃபின் இருப்பதை மறைத்தால் குற்றம். தண்ணீரைப் புற்றுநோய் மருந்து என்று விற்றால் குற்றம் இல்லை. 1912-இல் ஷெர்லி திருத்தம் ஒட்டுப் போட்டது. ஆனால் கூற்று பொய் என்று காட்டினால் மட்டும் போதாது, ஏமாற்றும் நோக்கத்தையும் நிரூபிக்கவேண்டும். "நான் மனப்பூர்வமாக நம்பினேன்" என்று சொல்பவரை எப்படிப் பிடிப்பீர்கள்?

இன்னும் இரண்டு ஓட்டை. தனக்கென்று ஒரு தனிப்பெயர் வைத்துக்கொண்ட உணவுக்குக் கலப்பட விதி பெரும்பாலும் பொருந்தாது: "ஸ்ட்ராபெரி ஜாம்" என்று போட்டால் பழம் இருக்கவேண்டும், "பிரெட் ஸ்ப்ரெட்" என்று போட்டால் பழமே இல்லாமல் விற்கலாம். அப்படியே விற்றார்கள். இரண்டாவது, "1906 ஜூன் 30 உணவு மருந்துச் சட்டப்படி உத்தரவாதம்" என்ற வரியும் ஒரு வரிசை எண்ணும். உத்தரவாதம் கொடுத்தது கம்பெனி. சில்லறைக் கடைக்காரரை வழக்கிலிருந்து காப்பாற்ற வந்த ஏற்பாடு அது. வாங்குபவர்கள் அரசே சான்று கொடுத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். கம்பெனிகள் அந்த வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்தன. பிறகு அதையே நிறுத்தவேண்டி வந்தது.

1937-இல் சல்ஃபனிலமைடு எலிக்ஸிர் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது, டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்த அந்த மருந்தைப் பறிமுதல் செய்யக் கையில் இருந்த ஒரே பிடி, "எலிக்ஸிர் என்றால் ஆல்கஹால் இருக்கவேண்டும், இதில் இல்லை, ஆகவே பொய் லேபிள்" என்பதுதான். விற்பனைக்கு முன் பாதுகாப்பைக் காட்டவேண்டும் என்ற விதி 1938-இல்தான் வந்தது.

#8 பெஞ்சு_பொருளியல்

உணவுச் சட்டத்தை எந்தக் கம்பெனி கேட்டது, எது எதிர்த்தது என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

#9 செம்பருத்தி

கேட்டவங்களில் முதல் பெயர் ஹைன்ஸ். பென்சோயேட்ங்கிற பதப்படுத்தும் உப்பைப் போடாமலே கெட்டுப்போகாத கெட்சப் செய்ய அவங்களால் முடிஞ்சது: நல்ல பழுத்த தக்காளி, கூடுதல் சர்க்கரை, கூடுதல் வினிகர், சுத்தமான ஆலை. மலிவுக் கெட்சப்காரங்க என்ன செய்தாங்கன்னா, டின் போட்டது போக மிஞ்சின தோலையும் கழிவையும் பீப்பாயில் போட்டு வைச்சு, புளிக்காமல் இருக்க பென்சோயேட் கலந்தாங்க. பென்சோயேட்டைத் தடை செய்தால் யாருக்கு லாபம்னு சொல்ல வேண்டியதில்லை. ஆனா லாபம் இருக்குன்னா வாதம் பொய்னு ஆகாது. அழுகலை மறைக்க அந்த உப்பு உதவினது உண்மைதான்.

எதிர்த்தவங்க: ரகசிய மருந்துக்காரங்க, கலப்பு விஸ்கி வியாபாரிகள், உணவு கெடாமலிருக்கப் போராக்ஸ் விக்கிறவங்க.

ஹார்வி வைலி பற்றி ஒரு எச்சரிக்கை. வேதியியல் பணியகத்தின் தலைவர், 1883-லிருந்து 1912 வரை. 1902-இல் பன்னிரண்டு இளைஞர்களைப் பணியகத்தின் அடித்தளத்திலேயே உட்கார வைச்சு, உணவோடு வெங்காரம், அதாவது போராக்ஸ், கொடுத்துச் சோதனை தொடங்கினார். பிறகு சாலிசிலிக் அமிலம், சல்ஃபைட், பென்சோயேட், ஃபார்மால்டிஹைடு. "விஷப் படை"ன்னு பத்திரிகைகள் பெயர் வைச்சதும் நாடே திரும்பிப் பார்த்தது. பிரசாரமா அது பிரமாதம். சோதனையா பார்த்தால் ஓட்டை நிறைய. தனியா ஒரு ஒப்பீட்டுக் குழு கிடையாது. அதே ஆட்களின் முந்தைய வாரங்களைத்தான் ஒப்பிட்டார். முதலில் வெங்காரத்தை வெண்ணெயில் மறைச்சு வைச்சார், ஆட்கள் வெண்ணெயைத் தொடுறதையே நிறுத்தினாங்க. கடைசியில் கேப்ஸ்யூலில் கொடுத்தார். அளவை ஏத்திக்கிட்டே போய் வயித்துவலி வந்ததும் கேடுன்னு எழுதினார். ஒரு நாளைக்குச் சாப்பாட்டோடு போற சின்ன அளவு பல வருஷத்தில் என்ன செய்யும் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது.

அதனால்தான் 1908-இல் ரூஸ்வெல்ட், ஐரா ரெம்சன் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை வைலியின் தலைமேல் வைச்சார். அது மறுவருஷம் பென்சோயேட் குறைந்த அளவில் கேடில்லைன்னு சொல்லிடுச்சு. துறைக்குள்ளேயே சட்ட அதிகாரி மெக்கேப், வேதியியலாளர் டன்லப் இரண்டு பேரும் அவருக்கு எதிரா ஓட்டுப் போட்டால் மூணு பேர் வாரியத்தில் அவர் தனி. 1912 மார்ச்சில் ராஜினாமா.

#10 தண்டவாளம்

இறைச்சி, கெட்சப் எல்லாம் போகட்டும். பணம் ஓடிய இடம் ரயில்.

1887-இல் வந்த மாநிலங்களிடை வணிக ஆணையம், ஐ.சி.சி. (கிரிக்கெட் ஐ.சி.சி. இல்லை), பத்தே வருடத்தில் செல்லாக்காசு ஆனது. கட்டணம் "நியாயமாக" இருக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது, ஆனால் நியாயமான கட்டணம் எது என்று நிர்ணயிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 1897-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. ஆணையம் உத்தரவு போட்டால் ரயில்வே கண்டுகொள்ளாது, ஆணையமே வழக்குப் போடவேண்டும், நீதிமன்றத்தில் ரயில்வே புதுச் சாட்சியம் கொண்டுவரும், வருடங்கள் ஓடும்.

1903 எல்கின்ஸ் சட்டம் ரயில்வேக்களே ஆசைப்பட்டு வாங்கியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெரிய சரக்குதாரர்கள் ரகசியத் தள்ளுபடி கேட்டு ரயில்வேக்களைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். கொடுத்தாலும் வாங்கினாலும் குற்றம் என்று வந்ததும் "சட்டம் விடமாட்டேன் என்கிறது" என்று கையை விரிக்க வசதி.

அதன்கீழ் வந்த பிரபலமான வழக்கைக் கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் தொகையை மட்டும் சொல்கிறார்கள். இண்டியானா ஸ்டாண்டர்ட் ஆயில், வைட்டிங்கிலிருந்து கிழக்கு செயின்ட் லூயிசுக்கு, சிகாகோ அண்ட் ஆல்டன் ரயிலில். அறிவித்த கட்டணம் 100 பவுண்டுக்கு 18 சென்ட். கம்பெனி கொடுத்தது 6 சென்ட். 1,462 வண்டிகள். நீதிபதி கெனசா மவுண்டன் லாண்டிஸ் ஒவ்வொரு வண்டியையும் ஒரு குற்றமாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் உச்ச அபராதம் 20,000 டாலர் போட்டார்: 2,92,40,000 டாலர். 1907 ஆகஸ்ட். மறுவருடம் மேல்முறையீட்டில் அடிபட்டது: வண்டியை வைத்து எண்ணியது தப்பு, பத்து லட்சம் டாலர் மூலதனமுள்ள கம்பெனிக்கு இந்தத் தொகை பொருந்தாது. மறுவிசாரணையில் கம்பெனி விடுதலை. கருவூலத்துக்கு ஒரு சென்ட் வரவில்லை. இதைத்தான் ட்ரஸ்டுகளை, அதாவது சந்தையைப் பிடித்து வைத்திருந்த பெருங்கூட்டுக் கம்பெனிகளை அடக்கிய தீர்ப்பு என்று பாடப்புத்தக பாணியில் எழுதிவைக்கிறார்கள்.

ஹெப்பர்ன் வேறு கதை. ரயில்வேக்கள் இதைக் கடைசிவரை எதிர்த்தன. ஆணையம் ஐந்திலிருந்து ஏழு பேர். புகார் வந்தால் விசாரித்து அதிகபட்சக் கட்டணத்தை நிர்ணயிக்கலாம். குறைந்தது முப்பது நாள் அவகாசம், பிறகு உத்தரவு தானே அமலுக்கு வரும். மீறினால் நாளொன்றுக்கு 5,000 டாலர். நீதிமன்றம் போகவேண்டிய சுமை இப்போது ரயில்வேயின் தோளில். வழக்குக்கட்டு இறைச்சியில் சொன்ன அதே திருப்பம். செனட்டில் ரயில்வேக்கள் பக்கம் நின்ற ஆல்ட்ரிச் கும்பல் விரிந்த நீதிமன்ற மறுவிசாரணைக்காகப் போராடியது. கடைசியில் சட்டம் அதைத் தெளிவில்லாமல் விட்டுவிட்டது. 1910-இல் இல்லினாய் சென்ட்ரல் வழக்கில் உச்ச நீதிமன்றமே, ஆணையத்தின் உத்தரவு புத்திசாலித்தனமானதா என்று நாங்கள் பார்க்கமாட்டோம், அதிகாரம் இருந்ததா என்றுதான் பார்ப்போம் என்றது.

யாரும் பேசாத பிரிவு ஒன்று உண்டு: கணக்கு. ஆணையம் வகுத்த படிவத்தில்தான் புத்தகம் எழுதவேண்டும், வேறு புத்தகம் வைத்திருப்பதே குற்றம், ஆய்வாளர் வந்து எப்போதும் திறக்கலாம். ஹென்றி கார்ட்டர் ஆடம்ஸ் அந்தப் படிவங்களை வகுத்தார். அதற்குமுன் ஒரு கம்பெனி புது எஞ்சினைப் பராமரிப்பில் எழுதும், இன்னொன்று பராமரிப்பை மூலதனத்தில் எழுதும். லாபம் எவ்வளவு என்று ஒப்பிடவே முடியாது. லாபம் தெரியாமல் நியாயமான கட்டணம் எப்படிச் சொல்வது? என் கணிப்பில் மற்ற எல்லாப் பிரிவையும்விட இது பெரியது.

தோற்ற பிரிவும் உண்டு. தான் தோண்டிய நிலக்கரியைத் தானே ஏற்றக்கூடாது என்று ரயில்வேக்களைத் தடுத்த சரக்குப் பிரிவு. சுரங்கக் கம்பெனியில் பங்கு வைத்திருப்பது அதில் சேராது என்று 1909-இல் நீதிமன்றம் சொன்னதும், பெயரளவில் தனிக் கம்பெனி அமைத்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

#11 பெஞ்சு_பொருளியல்

சரி, ஆனால் விளைவையும் சொல்லுங்கள். 1910 மான்–எல்கின்ஸ் சட்டத்தில் கட்டண உயர்வை நிறுத்திவைக்கும் அதிகாரம் வந்தது, உயர்வு நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வே மேல் விழுந்தது. உடனே அவர்கள் கேட்ட உயர்வை 1911 பிப்ரவரியில் ஆணையம் மறுத்தது. கூலி ஏறுகிறது, விலைவாசி ஏறுகிறது, கட்டணம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. முதலீடு வற்றி, 1917 டிசம்பரில் போர் நெரிசலில் திணறி, அதிபர் வில்சன் ரயில்வேக்களை அரசுக் கையில் எடுக்கவேண்டி வந்தது. பல் முளைத்ததும் கடித்தது சரக்குதாரர் பக்கத்துக்காக. நீங்கள் எல்லாரும் "பல் இருந்தால் நல்ல சட்டம்" என்று எடுத்துக்கொள்கிறீர்கள்.

#12 தண்டவாளம்

பாதி ஒப்புக்கொள்ளலாம். 1910–11 விசாரணையில் சரக்குதாரர்கள் தரப்பில் வந்த வழக்கறிஞர் லூயி பிராண்டைஸ், விஞ்ஞானபூர்வ நிர்வாகம் வந்தால் ரயில்வேக்கள் நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலர் மிச்சம் பிடிக்கலாம் என்றார். செய்தித்தாள்கள் கொண்டாடின. எஞ்சின் பட்டறையில் சிலது செய்யலாம்தான். ஆனால் அந்தத் தொகையை யாரும் நடைமுறையில் எட்டிக் காட்டவில்லை. 1914 டிசம்பரில்தான் ஆணையம் உயர்வுக்கு ஓரளவு இறங்கி வந்தது.

ஆனால் 1917 நெரிசலுக்கு எல்லாப் பழியையும் ஆணையத்தின் மேல் போடமுடியாது. போர்ச்சரக்கு முழுவதும் கிழக்குத் துறைமுகங்களை நோக்கி ஒரே திசையில் ஓடியது. இறக்கக் கப்பல் இல்லை. ஏற்றிய வண்டிகளே கிடங்காக நின்றன, திரும்பிவர வெற்று வண்டி இல்லை. போட்டிக் கம்பெனிகள் வண்டிகளைப் பகிர்ந்துகொள்வதை ட்ரஸ்ட் எதிர்ப்புச் சட்டம் தடுத்தது. கட்டணம் இரண்டு மடங்கு இருந்திருந்தாலும் அந்தக் குளிர்காலத்தில் நியூயார்க் துறைமுகம் அடைத்திருக்கும்.

#13 ஆலைச்சங்கு

தொழிலாளர் பக்கம் ஒருவரும் வரவில்லை. ஜூன் 29, 30 எல்லையைத் தாண்டுகிறேன், மன்னிக்கவும்.

பெஞ்சு தேடும் "கம்பெனி கேட்டு வாங்கிய சட்டம்" உண்மையில் இங்கேதான் கிடைக்கும்: வேலைவிபத்து நஷ்டஈடு. பழைய சட்டத்தில் காயம்பட்டவர் வழக்குப் போட்டால் முதலாளிக்கு மூன்று கேடயம். உன் கவனக்குறைவும் இருந்தது. உடன்வேலை செய்பவனால் நடந்தது. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் எப்போதாவது ஒரு ஜூரி மனம் இரங்கிப் பெருந்தொகை போட்டுவிடும். மாநிலங்கள் அந்தக் கேடயங்களை ஒவ்வொன்றாக உடைக்கத் தொடங்கியதும், எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிகிற அட்டவணைத் தொகை முதலாளிகளுக்கு மலிவாகப் பட்டது. தேசிய உற்பத்தியாளர் சங்கமே ஆதரித்தது. தொழிலாளி வழக்குப் போடும் உரிமையைக் கொடுத்துவிட்டு, யார் தப்பு என்ற கேள்வி இல்லாமல் கூலியில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டார்.

நியூயார்க் 1910-இல் கட்டாயச் சட்டம் போட்டது. தப்பே செய்யாத முதலாளியிடம் பணம் வாங்குவது சொத்துப் பறிப்பு என்று மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அடித்துப்போட்டது. தேதி 1911 மார்ச் 24. மறுநாள் மாலை அதே மாநிலத்தில் ட்ரையாங்கிள் சட்டை ஆலை எரிந்தது, 146 பேர் இறந்தார்கள். ஒன்பதாவது தளத்தில் ஒரு கதவு பூட்டியிருந்தது. இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு ஏணி ஆறாவது தளம் வரைதான் எட்டியது. பிறகு ராபர்ட் வாக்னர், ஆல் ஸ்மித் தலைமையில் வந்த ஆலை விசாரணைக் குழு கதவு, படிக்கட்டு, தெளிப்பான், தீப்பயிற்சி என்று முப்பதுக்கும் மேல் சட்டங்கள் கொண்டுவந்தது. நஷ்டஈட்டுக்கு நியூயார்க் 1913-இல் மாநில அரசியலமைப்பையே திருத்தவேண்டி வந்தது. அதற்குள் விஸ்கான்சின் 1911-லேயே சேர்வது முதலாளியின் விருப்பம் என்று எழுதித் தப்பித்தது. சேராதவருக்குப் பழைய கேடயங்கள் பறிபோகும், ஆகவே சேர்ந்தார்கள். சாமர்த்தியம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். இந்தக் காலத்தின் வெளிச்சம் எல்லார் மேலும் படவில்லை. 1913-இல் வில்சன் அரசில் அஞ்சல் துறையிலும் கருவூலத்திலும் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்து உட்காரவைத்தார்கள். அதுவும் "நிர்வாகச் சீர்திருத்தம்" என்ற பெயரில்தான் நடந்தது.

#14 புதுவரவு_தமிழினி

வணக்கம். இறைச்சியை மாநில எல்லையில் தடுக்கலாம் என்றால் குழந்தைகளை வேலைக்கு வைத்த ஆலையின் துணியையும் அதேபோல் ஏன் தடுக்கவில்லை?

#15 வழக்குக்கட்டு

தடுத்தார்கள் தங்கையே. 1916 கீட்டிங்–ஓவன் சட்டம் அதே அச்சில் வார்த்தது: 14 வயதுக்குக் கீழானவர்கள், அல்லது 14–16 வயதினரை எட்டு மணிநேரத்துக்கு மேலோ இரவிலோ வேலை வாங்கிய ஆலையின் சரக்கு எல்லை தாண்டக்கூடாது. சுரங்கத்துக்கு 16 வயது. 1917 செப்டம்பர் 1 அமல். 1918 ஜூன் 3 அன்று ஹாமர் எதிர் டேகன்ஹார்ட் வழக்கில் 5-க்கு 4 என்று விழுந்தது. ஒன்பது மாதம்.

காரணம் இப்படிச் சொன்னார்கள்: கெட்ட இறைச்சியும் லாட்டரிச் சீட்டும் போகிற ஊரில் கேடு செய்யும், அதனால் எல்லையில் தடுக்கலாம். துணி கேடு செய்யாது; கேடு அது உருவான இடத்தில் நடந்து முடிந்துவிட்டது, உற்பத்தி மாநிலத்தின் விஷயம். ஹோம்ஸ் மாறுபட்டு எழுதினார். வட கரோலினா போன்ற நூற்பாலை மாநிலங்களுக்கு இது பெரிய நிம்மதி.

பிறகு 1919-இல் அப்படிப்பட்ட ஆலையின் லாபத்துக்குப் பத்து சதவீத வரி போட்டுப் பார்த்தார்கள். 1922-இல் அதுவும் போயிற்று. 1924-இல் அரசியலமைப்புத் திருத்தம் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது. 1938 நியாயமான தொழில் தரச் சட்டம் மறுபடி எல்லை வழியில் வந்து, 1941 டார்பி தீர்ப்பில் நிலைத்தது. பழைய தீர்ப்பு ஒதுக்கப்பட்டது.

#16 புதுவரவு_தமிழினி

நன்றி சார். அந்த 1924 திருத்தம் என்ன ஆனது?

#17 வழக்குக்கட்டு

28 மாநிலங்கள் ஏற்றன. அன்றைய 48-இல் 36 வேண்டும். கடைசியாக ஏற்றது 1937-இல். காலக்கெடு எழுதாமல் அனுப்பியதால் ஏட்டளவில் இன்னும் நிலுவையில் கிடக்கிறது. இப்போது 50 மாநிலம் என்பதால் 38 வேண்டும், இன்னும் பத்து.